தலையாட்டினால் போதுமா?

கேள்வி: பினாங்கில் தாதியாக இருக்கிறேன். இரவு வேலை முடிந்து காலை 7 மணிக்கு பகல் தாதிகளிடம் நோயாளிகளை ஒப்படைத்து பாஸ் ஓவர் கொடுக்கும்போது, ஒரு நோயாளியின் இரத்தப் பொட்டாசியம் ரிசல்ட் இன்னும் வரவில்லை, பாருங்கள் என்று சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. மதியம் டாக்டர் கேட்டபோது நான் சொல்லவே இல்லை என்றார்களாம். பாலம் தாண்டி பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமே வருவதில்லை. தவறு என்னுடையதா?

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்லியிருப்பீர்கள், நம்புகிறேன். வாங்கியவர் காதில் விழாததும் உண்மையாக இருக்கலாம். ஏழு மணி வார்டு எனக்கும் தெரியும். பெல் அடிக்கும், சாப்பாட்டு வண்டி வரும், ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், ஃபைல் தேடுவார். அந்தச் சத்தத்தில் இருபது பேருடைய கதையை ஒரே மூச்சில் ஒப்பித்தால், நடுவில் வரும் ஒரு வரி எப்படி நிற்கும்?

ஒருமுறை, ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவருக்கு நான் மைலோ கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் தள்ளிப்போனது. இரவு வேலை பார்த்த மிஸ்ஸி, அதாவது தாதி, என்னிடம் சொல்லித்தான் போயிருந்தார். நான் தலையாட்டினேன், மனதில் வாங்கவில்லை.

வாங்குபவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை பாஸ் ஓவர் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகள் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களிடம் ஐ-பாஸ் என்ற பாஸ் ஓவர் முறையைச் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியோடு அது வந்த பிறகு மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. ஒப்படைக்கும் நேரமும் பெரிதாகக் கூடவில்லை. அதன் கடைசிப் படியே இந்தத் திருப்பிச் சொல்லுதல்தான். மலாய், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து பேசும் நம் வார்டுகளில் இது இன்னும் அவசியம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றுபோல விழும்.

மூத்தவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். "சிஸ்டர், நான் எதையாவது விட்டிருப்பேன், ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்" என்றால் யாருக்கும் கோபம் வராது.

அப்புறம், நோயின் வரலாறு ஃபைலில் இருக்கிறது. வர வேண்டிய ரிசல்ட்டை முதலில் சொல்லுங்கள். "பாருங்கள்" என்று விடாமல், எத்தனை மணிக்குள், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் சொல்லுங்கள். பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பையே குலைக்கும். அப்படிப்பட்டவரின் கட்டிலருகே இருவருமாகப் போய் நின்று ஒப்படையுங்கள்.

நடந்ததை வார்டு சிஸ்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். யார் மீதும் பழி போட வேண்டாம், பாஸ் ஓவர் கொடுக்கும் முறையை மாற்றலாமா என்று கேளுங்கள்.

அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்? நீங்கள் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.