வாய் நாற்றத்துக்கு மின்ட் மிட்டாய் நல்லதா, சூயிங் கம் நல்லதா?

இரண்டில் ஒன்றுதான் என்றால் கம். அதுவும் சர்க்கரை இல்லாத கம்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பவர் பார்க்கவும் பிரேம் காதில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவும் எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். அதனால் இந்த விஷயத்தில் அக்கறை கொஞ்சம் அதிகம்.

மின்ட் போட்டதும் வாய் சில்லென்று ஆகிறதே, அது மென்தால் செய்கிற வேலை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. வாய் சுத்தமான மாதிரி நமக்குத் தோன்றும். மிட்டாய் கரைந்து கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான். சில்லறைக்குப் பதிலாகப் பெட்டிக்கடையில் கையில் திணிக்கிற மிட்டாய் பெரும்பாலும் சர்க்கரை. அதை நாள் முழுக்கக் கொடுப்பில் அடக்கி வைத்தால் சொத்தைப் பல்தான் மிச்சம்.

கம் மென்றால் எச்சில் ஊறும், வாயைக் கழுவிவிடும். தூங்கும்போது எச்சில் குறைவதால்தான் காலையில் வாய் நாறுகிறது. சைலிட்டால் என்கிற, சர்க்கரைக்குப் பதிலான இனிப்பைச் சேர்த்த கம் இன்னும் நல்லது; பல்லை அரிக்கும் கிருமிகளால் அதிலிருந்து அமிலம் உண்டாக்க முடியாது. சாப்பிட்டதும் ஒரு 20 நிமிடம் மென்றால் போதும். ஆசைக்கு டப்பாவைக் காலி செய்தால் வயிறு கலக்கிவிடும்.

பூண்டுக்கு மட்டும் கம்மும் உதவாது. மத்தியானம் களிக்குப் பூண்டுச் சட்னி தொட்டுக்கொண்டால் அந்த வாடை ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சிலேயே வரும். பல் தேய்த்தாலும் போகாது, தானாக அடங்கினால்தான் உண்டு.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடிநாக்கிலிருந்தும் ஈறு இடுக்கிலிருந்தும். அங்கே இருக்கும் கிருமிகள் கந்தக வாயுக்களை விடுகின்றன. நம்மில் பலர் நாக்கு வழிக்கிறோம் என்று நுனியை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுகிறோம். லேசாகக் குமட்டும் இடம் வரை போக வேண்டும். அழுத்த வேண்டாம்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு குழப்பம் உண்டு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். அதற்கு முன்பு வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. கடைக்கு வரும் சில பெண்கள் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார்கள். இவ்வளவு கிட்டத்தில் நிற்கிற நான் சொல்கிறேன், பக்கத்தில் ஒரு வாடையும் இருக்காது. அந்தக் கறை பல் உருவாகும்போதே எனாமலில் விழுந்தது. கறை வேறு, நாற்றம் வேறு. அவர்களுக்கு மின்ட்டும் வேண்டாம், கம்மும் வேண்டாம்.

நாக்கு வழித்து, பல் இடுக்கைச் சுத்தம் செய்தும் ஓரிரு வாரத்தில் மாறவில்லை, ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் பல் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்து மூச்சில் பழ வாடை அடித்தால் தள்ளிப்போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வீட்டில் நாய் வளர்த்தால் சைலிட்டால் கம்மை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அளவோடு மென்றால் நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு அது விஷம்.