46,000 பவுண்ட் போட்ட பந்தயக் காரை 29,000 பவுண்டுக்கு விற்கலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். 1965இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, முழுவதும் பிரித்து, ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) பொருத்தி, பழைய கார்களுக்கான டிராக் பந்தயங்களில் ஓடும்படி மறுபடி கட்டினேன். ரசீதுகளைக் கூட்டினால் 46,000 பவுண்ட் வருகிறது. குடும்பச் சூழல் காரணமாக இப்போது விற்க வேண்டியுள்ளது. இதற்காக 9 சதவீத வட்டியில் வாங்கிய கடனில் 12,000 பாக்கி. கொட்டகை வாடகை மாதம் 150, காப்பீடு ஆண்டுக்கு 420. டீலர் ஒருவர் 29,000க்குக் கேட்கிறார். 5,500 செலவழித்து இன்ஜினையும் புதுப்பித்து, ஓராண்டு பொறுத்து விற்றால் போட்ட பணம் திரும்புமா? விற்றால் வரி உண்டா?

பதில்: போட்ட பணம் முழுவதும் திரும்பாது. அதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்ற கணக்குகள் தெளிவாகும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அரிய வண்டி என்பதற்காக யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள். வாங்குபவர் உங்கள் ரசீதுகளுக்கு விலை கொடுப்பதில்லை. இதே நிலையில் இன்னொரு வண்டி என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைத்தான் பார்ப்பார்.

ஓராண்டு வைத்திருந்தால் வட்டி ஏறக்குறைய 1,000, வாடகை 1,800, காப்பீடு 420 என 3,200க்கு மேல் கரையும். இன்ஜின் செலவையும் சேர்த்தால் 8,700. அதாவது அடுத்த ஆண்டு 37,700க்கு விற்றால்தான் இன்று 29,000 வாங்கியதற்குச் சமம். டீலரே அந்த விலைக்கு விற்க முடியும் என்று நம்பியிருந்தால் இன்று இன்னும் தாராளமாகக் கேட்டிருப்பார். இன்ஜினைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பந்தயக்காரர்கள் பலரும் தங்களுக்குப் பழகிய மெக்கானிக்கையே நம்புவார்கள். எத்தனை மணி நேரம் ஓடிய இன்ஜின் என்பதை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்து, அதற்கேற்ப விலையில் சற்றே இறங்குவது, புது இன்ஜினுக்குச் செலவழிப்பதை விட மலிவானது.

விலையைத் தூக்கி நிறுத்துவது காகிதங்கள்தாம். 1966க்கு முந்தைய கார்களுக்கென்றே தனிப் பந்தயங்கள் நடப்பதால் உங்கள் வண்டியின் தயாரிப்புத் தேதிக்கே ஒரு விலை உண்டு. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஹெரிட்டேஜ் சான்றிதழ் (தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள விவரங்களின் சான்று) வாங்கி, அதிலுள்ள சேஸி எண் வண்டியிலுள்ள தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட் (பழைய பந்தயக் காரின் தொழில்நுட்ப விவரச் சான்று) இருந்தால், அது இன்னும் எத்தனை ஆண்டு செல்லும் என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். சீட், பெல்ட் ஆகியவற்றின் லேபிளில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் அங்கேதான் குனிந்து பார்ப்பார். பழைய கூடு தேறாமல் போய்ப் புதிதாகத் தயாரித்த பாடி ஷெல்லைப் பொருத்தியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். தனிநபர் விற்பனையில் தரத்துக்கு உத்தரவாதம் தரும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் வண்டியைப் பற்றித் தவறான தகவல் தந்தால் வாங்கியவர் வழக்குப் போட முடியும்.

டீலரிடமே ஒப்படைத்து, விற்ற பிறகு கமிஷன் கழித்துப் பணம் வாங்கும் வழியும் உண்டு. 34,000க்கு விற்று 10 சதவீதக் கமிஷனும் அதன் மேல் 20 சதவீத வாட் வரியும் போனால் கைக்கு வருவது 29,920. வெறும் 920 பவுண்டுக்காகப் பல மாதக் காத்திருப்பும், அவர் கடை மூடப்பட்டால் வண்டி சிக்கிக்கொள்ளும் அபாயமும் எதற்கு? எனவே, பந்தயப் பருவம் தொடங்கும் முன் ஜனவரியிலேயே எம்ஜி சங்கங்கள் வழியாக 33,500 என்று நேரடியாக விளம்பரம் செய்யுங்கள். மார்ச் தொடக்கத்துக்குள் 30,000க்கு மேல் யாரும் வராவிட்டால் டீலரிடம் போங்கள். அதுவரை அவர் தன் விலையில் நிற்பாரா என்று இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

வரியைப் பொறுத்தவரை, பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. சாலையில் ஓட்ட முடியாதபடி மாற்றிய பந்தயக் காரும் இயந்திரம் என்ற வகையில் தேய்மானச் சொத்தாகக் கருதப்படுவதால் பொதுவாக விலக்குப் பெறும். அதே காரணத்தால் உங்கள் நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதுபோல் வண்டிகளை வாங்கிச் சீர்செய்து லாபத்துக்கு விற்பது வழக்கமாகிவிட்டால் அது வியாபாரம். அப்போது வருமான வரி வரும். ஒரே ஒரு கார், அதுவும் நஷ்டத்தில் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்ததை நீங்களே சரிபார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். வண்டி பதிவில் இருந்தால் அன்றே வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கும் தெரிவித்துவிடுங்கள். கடன் இந்தக் காரின் பேரில் வாங்கியதா, உங்கள் பேரில் வாங்கிய தனிநபர் கடனா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். காரின் பேரில் என்றால் கடனை அடைக்காமல் விற்கவே கூடாது. தனிநபர் கடன் என்றாலும், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து மொத்தத் தொகையை வங்கியிடம் எழுத்தில் கேட்டு, விற்ற பணத்திலிருந்து முதல் வேலையாக அதைக் கட்டிவிடுங்கள். 9 சதவீத வட்டியை மிச்சப்படுத்துவதற்கு நிகராக நிச்சயப் பலன் தரும் வேறு முதலீடு உங்களுக்கு இப்போது இல்லை.