புரோகிராம் டைரக்டர் நம்ம ஊர் எச்.ஓ.டி. இல்லை, தம்பி

ஜூலை 1 அன்று அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகான ஆஸ்பத்திரிப் பயிற்சி, சேரப் போகிறீர்கள், "புரோகிராம் டைரக்டர் என்றால் நம்ம எச்.ஓ.டி. மாதிரிதானே? வீடு, கார் எல்லாம் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீடும் காரும் கிடக்கட்டும். முதல் கேள்விதான் முக்கியம்.

துறையை நிர்வாகம் பண்ண இங்கே சேர்மன் தனியாக இருக்கிறார். மாணவர்களுக்கு கிளர்க்‌ஷிப் டைரக்டர் வேறு ஆள். புரோகிராம் டைரக்டருக்கு (சுருக்கமாக பி.டி.) ரெசிடென்ட், அதாவது உங்களைப் போன்ற பயிற்சி டாக்டர்களின் பயிற்சிதான் வேலை. உங்கள் ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. அடுத்த வருஷத்துக்கு நீங்கள் போகலாமா என்று முடிவு செய்பவர் அவர். கடைசியில் "மேற்பார்வை இல்லாமல் தனியாக வைத்தியம் பார்க்கத் தகுதி உண்டு" என்று கையெழுத்துப் போடுபவரும் அவரே. இருபது வருஷம் கழித்து வேறு மாநிலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் பழைய புரோகிராமிடம் விசாரிப்பார்கள்.

அவர் தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. குறைந்தது மூன்று பேராசிரியர்கள் உள்ள குழு ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடி உங்களை அலசும். அட்டெண்டிங் (உங்களை மேற்பார்க்கும் மூத்த டாக்டர்) எழுதியது மட்டுமல்ல, நர்ஸ் எழுதியதும் அந்த மேஜைக்கு வரும். "பேஜ் பண்ணினால் திருப்பிக் கூப்பிடுவதில்லை" என்று இரண்டு நர்ஸ் எழுதினால், உங்கள் ஸ்டெப் (அமெரிக்க லைசென்ஸ் தேர்வு) மார்க் காப்பாற்றாது. பிறகு பி.டி. உங்களை உட்கார வைத்து மைல்ஸ்டோன் அட்டவணையை, அதாவது ஒவ்வொரு திறமையிலும் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டுவார். 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். டிசம்பரில் ஒன்றரை, இரண்டு என்று பார்த்ததும் முகம் செத்துப்போகும் நம்ம பிள்ளைகளுக்கு. தொண்ணூறு மார்க்கிலேயே வளர்ந்தவர்கள் அல்லவா! முதல் வருஷத்தில் அது சாதாரணம். 4 என்பது ரெசிடென்சி முடிக்கும்போது எட்ட வேண்டிய இலக்கு.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். குறையைச் சுட்டி, திருத்திக்கொள்ள ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் புரோகிராமுக்குள்ளேயே முடியும். "புரொபேஷன்" என்று அதிகாரபூர்வமாகக் காகிதம் வந்துவிட்டால், லைசென்ஸ் விண்ணப்பங்களில் அதைச் சொல்லியாக வேண்டியிருக்கும். வேலை நீக்கம், ஒப்பந்தம் புதுப்பிக்காதது, பிரமோஷன் நிறுத்தம் எதுவானாலும் மேல்முறையீடு உண்டு. கெடு சில நாள்தான் இருக்கும், வேலையில் சேர்ந்த அன்றே புரோகிராம் கையேட்டைப் படியுங்கள். ஜே-1 (பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான விசா) விசாக்காரர்களுக்கு வேலை போனால் விசா நிலையும் கூடவே போகும். அதனால் சிக்கல் என்று தெரிந்த வாரமே, குழு கூடுமுன், நீங்களே பி.டி.யிடம் போய்ச் சொல்லுங்கள். பேசியதை அன்று மாலையே இரண்டு வரி மெயிலாக அனுப்பி வையுங்கள். நம்மவர்கள் எதற்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து வாட்ஸ்அப்பில் புலம்புவார்கள். அந்தத் தலையாட்டலை புரோகிராம்காரர்கள் "புரிந்துவிட்டது, சரி" என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

டியூட்டி நேரம்: நான்கு வார சராசரியில் வாரம் 80 மணி, வீட்டிலிருந்து நோட்ஸ் எழுதினாலும் கணக்கில் வரும். தொடர்ந்து 24 மணி, அதற்கு மேல் நோயாளிகளை ஒப்படைக்க 4 மணி வரை. அப்படி 24 மணி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்தால் 14 மணி ஓய்வு. ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு, அதுவும் நான்கு வார சராசரிதான். "86 வந்தாலும் 79 என்று போடு" என்று ஒரு சீனியர் கட்டாயம் சொல்வார், பல நேரம் நம்ம ஊர்க்காரராகவே இருப்பார். போடாதீர்கள். 86 என்று போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பி.டி.; பொய்யாக 79 போட்டு மாட்டினால் அது உங்கள் நேர்மைக் குறை. ஜே-1இல் மூன்லைட்டிங் (பயிற்சிக்கு வெளியே கூடுதல் காசுக்கு டாக்டர் வேலை) செய்யவே கூடாது, அதையும் "சும்மா ஒரு ஷிஃப்ட்" என்று ஆசை காட்டுவார்கள்.

நாடு முழுவதற்கும் இந்த 80 மணி வரம்பு வந்ததே 2003இல்தான். அதற்கு முன்னால் வந்தவர்கள் "நாங்கள் நூறைத் தாண்டிப் பார்த்தோம்" என்று மீசையை முறுக்குவார்கள். இன்னொரு கூட்டம் ஸ்டெப் 2 சி.எஸ். பெருமை பேசும், நடிக்கும் நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்ட, விசா எடுத்து ஃபிலடெல்ஃபியா, ஹூஸ்டன் என்று பறந்து வந்த தேர்வு. 2020இல் நின்றது, 2021இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். கதவைத் தட்டு, கை கழுவு, பெயரைச் சொல்லு என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த தலைமுறை அது.

வீடு, கார்தானே? ஜூன் கடைசியில் முடித்துப் போகிற சீனியர்களிடம் கேளுங்கள். இரண்டையும் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகத்தான் அவர்களும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.