பந்தயம் கட்டுகிறவர்களின் கைமுதல்: கேள்வி-பதில்

கேள்வி: விளையாட்டுப் பந்தயத்துக்குப் புதியவன். கைமுதலாக 5,000 ஒதுக்கியிருக்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டலாம்?

50. மிஞ்சிப் போனால் 100. கைமுதல் 4,000 ஆகிவிட்டால் 40-க்கு இறங்குங்கள். முழுதாகப் போனாலும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பங்கம் வராத பணமாக இருக்க வேண்டும். அதனால் தனிக் கணக்கில் வையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள். அனுமதி இல்லாத நிறுவனம் பணத்தைத் தர மறுத்தால் புகார் கொடுக்கக்கூட வழியிருக்காது.

கேள்வி: தோற்கும்போதெல்லாம் தொகையை இரட்டிப்பாக்கினால் ஒருநாள் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்?

10-ல் தொடங்கி ஏழு தடவை வரிசையாகத் தோற்றால் 1,270 போயிருக்கும். எட்டாவது தடவை 1,280 கட்ட வேண்டும், அதுவும் மொத்தத்தில் 10 லாபம் பார்க்க. சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டங்களில் இருநூறு பந்தயம் கட்டுகிறவருக்கு ஏழு தொடர் தோல்வி வருவது ஒன்றும் அபூர்வமில்லை. வேண்டாம்.

கேள்வி: டிப்ஸ் கொடுக்கும் ஒருவர் ஐந்து ஆட்டங்களின் முடிவை வரிசையாகச் சரியாகச் சொல்லி அனுப்பினார். நம்பி மூன்று மாதச் சந்தா கட்டினேன். அப்புறம் எல்லாமே தோல்வி. கேட்டால், நான் கைமுதலைச் சரியாகப் பிரிக்கவில்லை என்கிறார். தப்பு என்னுடையதா?

இல்லவே இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். பாதிப் பேருக்கு ஒரு அணி ஜெயிக்கும் என்றும், மீதிப் பேருக்கு எதிரணி ஜெயிக்கும் என்றும் எழுதுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தவறான செய்தி போன 512 பேரை விட்டுவிடுவார்கள். மிச்சமுள்ளவர்களை மறுபடியும் இரண்டாகப் பிரிப்பார்கள். ஐந்தாவது ஆட்டம் முடியும்போது 32 பேருக்கு அவர் மகா ஞானி. அந்த 32 பேரில் ஒருவராக நீங்கள் இருந்திருக்கலாம்.

நானும் ஒரு பந்தயத் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். கைமுதலைச் சரியாகப் பிரிக்கவில்லை என்ற இதே பதிலைத்தான் விற்றவர் கடைசியில் எனக்கும் சொன்னார். இந்தச் சாக்கைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. இரு பக்கமும் 1.91 ஆட்ஸ் கொடுக்கும் (ஜெயித்தால் கட்டியதைப் போல 1.91 மடங்கு திரும்பக் கிடைக்கும்) பந்தயத்தில், நூற்றுக்கு 52.4-க்கு மேல் ஜெயித்தால்தான் கட்டிய காசாவது தேறும். அதற்குக் கீழே இருப்பவர் பணத்தை எப்படிப் பிரித்தாலும் அது கரையத்தான் செய்யும். பிரித்துக் கட்டினால் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். கைமுதலைப் பிரிப்பது காப்புக்காக. அதை லாபத்துக்கு வழி என்று விற்பவர் பொய் சொல்கிறார்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்த்து உடனே நிறுத்துங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் பதியுங்கள். அவர் அனுப்பிய செய்தி ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கேள்வி: 1,000 போனஸ் வந்தது. எடுக்கப் போனால் 10,000-க்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டுமாம். நிபந்தனையை நான் படிக்கவில்லை.

படித்திருக்க வேண்டும். 1.91 ஆட்ஸில் 10,000-க்குக் கட்டினால் சராசரியாக 450 நிறுவனத்துக்குப் போகும். கெடு தேதி வேறு இருக்கும், பாருங்கள்.

கேள்வி: தலா 1.91 ஆட்ஸில் ஐந்து ஆட்டங்களை ஒரே பந்தயமாகச் சேர்த்துக் கட்டி, ஐந்தும் ஜெயித்தால் 25 மடங்கு கிடைக்குமே, சின்னக் கைமுதலுக்கு அது நல்லதில்லையா?

ஐந்தும் சரிபாதி வாய்ப்பு என்றால் நியாயமாக 32 மடங்கு தர வேண்டும். ஒற்றை ஆட்டத்தில் நூற்றுக்கு நாலரை எடுக்கிறவர்கள் இதில் இருபதுக்கு மேல் எடுக்கிறார்கள். இதைத்தான் விழுந்து விழுந்து விளம்பரம் செய்கிறார்கள், கவனித்தீர்களா?

கேள்வி: கைமுதல் தீர்ந்துவிட்டது. விட்டதைப் பிடிக்கக் கிரெடிட் கார்டில் கொஞ்சம் எடுக்கலாமா?

கூடாது. பந்தயக் கணக்கில் சுயவிலக்கு என்ற வசதி இருக்கும், நீங்களே உங்களைப் பந்தயம் கட்டவிடாமல் தடுத்துக்கொள்வது. இன்றைக்கே அதைப் போடுங்கள். கார்டை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.