மரபணுத் திருத்தமும் தாவர வேதிப்பொருள்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூலிகைச் செடிகளில் மருந்துப் பொருளின் அளவைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் கூட்ட முடியுமா?

பதில்: எந்தச் செடி, எந்தப் பொருள், செடியின் எந்த உறுப்பு என்று எழுதாத கேள்விக்கு 'முடியலாம்' என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. இம்மூன்றையும் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கிரிஸ்பர் மரபணுவை வெட்டி முடக்கும் கருவி. முடக்கினால் பொருள் குறையத்தானே வேண்டும்? தக்காளியில் காபா என்ற அமினோ அமிலம் கூடியது எப்படி?

பதில்: குளுட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதிக்கு வால் போன்ற ஒரு பகுதி உண்டு, அந்த வால்தான் நொதியின் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறது. வால் மட்டும் உருவாகாதபடி மரபணுவைத் திருத்தியதால் நொதி தடையின்றி இயங்கி, பழத்தில் காபா ஏறக்குறைய நான்கைந்து மடங்கு சேர்ந்தது. ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த தக்காளி இதுதான். முடக்குவது நொதியையா, நொதிக்குப் பூட்டிய தடையையா என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் தீரும்.

ஒரு பொருள் படிப்படியாக உருவாகும் பாதையின் ஒரு படியை அடைத்து, அதற்கு முந்தைய பொருளைத் தேங்க வைப்பது இன்னொரு வழி. 2022இல் வெளியான ஆய்வில் தக்காளியின் ஒரு நொதி மரபணுவை முடக்கியபோது வைட்டமின் டி3இன் முன்பொருள் இலையிலும் பழத்திலும் சேர்ந்தது. புற ஊதா ஒளி பட்டதும் அது டி3 ஆக மாறியது. அதே வேலையைச் செய்யும் மற்றொரு நொதி வளர்ச்சிக்குத் தேவையான ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள்களைத் தொடர்ந்து கொடுத்து வந்ததால் செடிக்குக் கேடில்லை. அத்தகைய இரட்டை நொதி இல்லாத செடியில் இதே உத்தியைக் கையாண்டால் முளைகூட மிஞ்சாமல் போகலாம்.

கேள்வி: வைட்டமின் ஏயின் முன்பொருள் சேரும் பொன்னரிசி மரபணுத் திருத்தப் பயிர்தானே?

பதில்: இல்லை. பொன்னரிசி பற்றிய முதல் ஆய்வு 2000இல் வந்தது. கிரிஸ்பர் கருவியாக அறிமுகமானது 2012இல். பொன்னரிசியில் வேறு உயிர்களின் மரபணுக்கள் செருகப்பட்டன. இதை நான் எழுதுவது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஒரு மூலிகையின் மயிர்வேர் வளர்ப்பில் மரபணுத் திருத்தம் செய்து, மருந்துப் பொருள் ஐந்து மடங்கு கூடியதாக ஓர் ஆய்வுத்தாளில் படித்தேன். இதைப் பயிராகச் சாகுபடி செய்யலாமா?

பதில்: செய்ய இயலாது, படித்ததில் பயிரே இல்லை. மயிர்வேர் என்பது அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் தொற்றால் உண்டாகி, குடுவையில் சர்க்கரைக் கரைசலில், பெரும்பாலும் இருட்டில் வளரும் வேர்த் திரள். அதற்கு இலை இல்லை, பூச்சி இல்லை, வறட்சி இல்லை. அந்த நுண்ணுயிர் கொண்டுவரும் மரபணுக்களே ஆல்கலாய்டு போன்ற பொருள்களின் அளவை மாற்றக்கூடியவை. மேலும் ஒவ்வொரு மயிர்வேர் வரிசையும் தனித்தனித் தொற்று நிகழ்விலிருந்து பிறப்பதால், எந்தத் திருத்தமும் செய்யாத இரண்டு வரிசைகளுக்கிடையிலேயே இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு காணப்படுவதுண்டு. ஆகவே வெற்றுக் கடத்தி (திருத்தும் கருவி இல்லாத வெறும் டி.என்.ஏ. வாகனம்) செலுத்திய பல வரிசைகளோடு ஒப்பிடாத எந்த 'மடங்கு' கணக்கையும் நான் ஏற்பதில்லை.

'மடங்கு' என்ற சொல்லின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் உண்டு. உலர் எடையில் 0.01 விழுக்காடு 0.05 ஆனாலும் ஐந்து மடங்குதான், இயற்கையிலேயே 0.2 விழுக்காடு தரும் இரகம் ஒன்று இருந்தால் அந்த ஐந்து மடங்குக்கு என்ன பொருள்? திருத்திய செடி குட்டையாகிப் பாதி எடைக்கு வந்துவிட்டால், ஒரு செடியிலிருந்து கிடைக்கும் மொத்த அளவு இரண்டரை மடங்குதான் ஆகும். ஈர எடையில் கணக்கிட்டவர்கள் வாடிய செடியில் நீர் குறைந்ததைப் பொருள் கூடியதாக எழுதியதையும் மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். எனவே தொடக்க அளவு எவ்வளவு, உலர் எடையா ஈர எடையா, ஒரு செடிக்கு மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுவிட்டு மேலே படியுங்கள். மயிர்வேர் பயனற்றது என்று சொல்லவில்லை: டான்ஷென் என்ற சீன மூலிகையின் மயிர்வேரில் ஒரே ஒரு நொதியை முடக்கியதும் அதன் மருந்துப் பொருள்களான டான்ஷினோன்கள் மறைந்தது, அவை உருவாகும் பாதை எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று. சான்று வேறு, விளைச்சல் வேறு.

கேள்வி: நச்சுப்பொருளை நீக்கினால் பூச்சிக்கு வசதியாகிவிடாதா?

பதில்: ஆகலாம். மரவள்ளியில் சயனைடு தரும் லினமரின் உருவாகும் முதல் படிக்கான இரண்டு மரபணுக்களையும் முடக்கினால் செடி முழுவதுமே அப்பொருளை இழக்கும். கடுகில் இதைவிட நயமான வழி கையாளப்பட்டது. கடுகின் காரத்துக்குக் காரணமான தற்காப்புப் பொருளான குளுக்கோசினோலேட்டை விதைக்கு ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதங்களின் மரபணுக்களைத் திருத்தியதால் விதையில் அளவு இறங்கியது. இலையில் பாதுகாப்பு நின்றது. பொருள் உருவாகும் இடத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். அது பயணப்படும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு.

கேள்வி: நித்தியகல்யாணியில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏன் இன்னும் கூட்டவில்லை?

பதில்: ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுவதால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அப்பொருள் உருவாக இணைய வேண்டிய இரண்டு பாதிகளில் கேதரான்தின் இலையின் மேற்பரப்பு மெழுகிலும் விண்டோலின் இலையின் உட்செல்களிலும் தங்கிவிடுகின்றன. ஒன்றையொன்று சந்திக்காத இரு பொருள்களின் அளவை ஒரு நொதியைத் திருத்திக் கூட்டுவதால் மட்டும் பலன் கிடைத்துவிடாது. இதனால்தான் 2022இல் ஒரு குழு சுமார் 30 படிகளை ஈஸ்ட்டுக்குள் அமைத்து அவ்விரு பாதிகளையும் அங்கே உருவாக்கியது.

கேள்வி: திருத்திய செடியில் கிரிஸ்பரின் வெட்டும் புரதமான காஸ்9இன் மரபணு தங்கிவிடுமா?

பதில்: விதைவழிப் பயிரில் அது ஒரே இடத்தில் செருகப்பட்டிருந்தால், சுயமகரந்தச் சேர்க்கையில் பிறக்கும் அடுத்த தலைமுறையில் கால்வாசிச் செடிகளில் இருக்காது, அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். கிழங்கிலிருந்து பெருகும் உருளைக்கிழங்கில் இவ்வாறு விதைவழியே அடுத்த தலைமுறை எடுத்தால் இரகத்தின் பண்புகளே கலைந்துவிடும் என்பதால், காஸ்9ஐப் புரதமாகவே செல்லுக்குள் செலுத்துவதே மேல்.

கேள்வி: ஒரு மரபணுவை முடக்கியும் பொருள் குறையவில்லை. தவறு எங்கே?

பதில்: அம்மரபணுவுக்கு எத்தனை நகல்கள் என்று பார்த்தீர்களா? சோயாவில் ஒலியிக் அமிலத்தை 20 விழுக்காட்டிலிருந்து 80க்கு உயர்த்த, அதை வேறு அமிலமாக மாற்றும் நொதி மரபணுவின் இரண்டு நகல்களையும் முடக்க வேண்டியிருந்தது. முதலில் நகல்களை எண்ணுங்கள். அளவையும் உலர் எடையில் எழுதி அனுப்புங்கள்.