முழங்கால் வீங்கினால் தொடை ஏன் தளர்கிறது? கேள்வி பதில்

மூட்டு வீக்கம் குறித்து வந்த கேள்விகளுக்கு, சென்னையில் நெடுங்காலமாக பிசியோதெரபி அளித்துவரும் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (பெரம்பூர்): மாநகரப் பேருந்திலிருந்து இறங்குகையில் அம்மாவுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, வலியும் அடங்கிவிட்டது. மூன்று வாரமாகியும் வீக்கம் வடியவில்லை, காலை நீட்டியபடி தூக்க முடியவில்லை. முயற்சியே செய்வதில்லை என்று வீட்டில் கடிந்துகொள்கிறோம்.

பதில்: தயவுசெய்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் மூட்டுறை இழுபடும். அந்த இழுவையை உணரும் நரம்பு முனைகள் தண்டுவடத்துக்கு இடைவிடாமல் செய்தி அனுப்ப, தண்டுவடம் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. தசைக்கு அடிபட்டிருக்காது, ஆனாலும் எவ்வளவு மனம்வைத்தாலும் அதன் ஒரு பகுதி வேலைக்கு வராது. அவரைப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். நல்ல காலில் முழங்கால் சில்லு மேல்நோக்கி நகரும், அதற்கு மேலே உட்புறத்தில் தசை உருண்டு திரளும். வீங்கிய காலில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாலும் அந்த இடம் தொளதொளவென்றே கிடக்கும். இப்படியே வாரக்கணக்கில் விட்டால் தசை உண்மையிலேயே மெலியும். படி இறங்கும்போது கால் மடங்கி விழ நேரும். மூன்று வாரமாக வீக்கம் வடியாததால், ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி (கொளத்தூர்): இதை ஏற்க முடியவில்லை. வலிக்குப் பயந்து அசைக்காமல் இருப்பதால்தானே தசை தளர்கிறது?

பதில்: வலியும் தசையைத் தடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வலியற்ற மூட்டிலும் இது நிகழ்கிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான முழங்கால்களுக்குள் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். 20 முதல் 30 மில்லி லிட்டர் சென்றதுமே முன்தொடையின் உட்புறத் தசை அடங்கத் தொடங்கியது. வெளிப்புறத் தசை அடங்க 50 முதல் 60 மில்லி லிட்டர் தேவைப்பட்டது. அடிபடாத, அச்சமில்லாத கால்கள் அவை.

கேள்வி (தாம்பரம்): முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் சுகமாக இருக்கிறது.

பதில்: சற்று மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவதால் சுகமாகத்தான் இருக்கும். இரவெல்லாம் அப்படியே கிடந்தால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): தைலம் தேய்த்து நீவி விடலாமா?

பதில்: சூடாக வீங்கியிருக்கும் மூட்டை நீவவே கூடாது.

கேள்வி (அண்ணாநகர்): ஐஸ் ஒத்தடமா, வெந்நீர் ஒத்தடமா?

பதில்: இதையே நால்வர் கேட்டிருக்கிறீர்கள், நால்வருக்கும் இதுவே பதில். புதிய வீக்கத்துக்கு ஐஸ்தான். துணியில் சுற்றி இருபது நிமிடம் வைத்து, எடுத்த கையோடு பயிற்சி செய்யுங்கள். தண்டுவடம் தசைக்குப் போடும் தடையைக் குளிர்ச்சி சிறிது நேரம் தளர்த்துவதால் தசை எளிதாக இணங்கும். தலையணை எச்சரிக்கையும் நால்வருக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (மயிலாப்பூர்): மூட்டு சிவந்து கொதிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: எந்தப் பயிற்சியும் வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (மீண்டும் கொளத்தூர்): நீர்தான் காரணமென்றால் ஊசியால் அதை எடுத்துவிட்டால் போதுமே?

பதில்: எடுத்ததும் தசை ஓரளவு விழித்துக்கொள்வது உண்டு. உள்ளே இருக்கும் காயம் ஆறாதவரை நீர் மறுபடி கோக்கும். எடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வீக்கம் முழுதும் வடியட்டும் என்று காத்திருப்பதும் தவறு. பெரம்பூர் அம்மாவுக்கும் இதையே சொல்கிறேன்: மருத்துவர் பார்த்துச் சரி என்றதும், துண்டை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுவதைப் பத்துப் பத்து முறையாக நாளில் பல வேளை செய்யட்டும். தானாகத் தசை திரளாவிட்டால் மின்தூண்டல் கருவி உதவும். பயிற்சியின்போது அவருடைய கையை எடுத்து அந்தத் தசையின் மேலேயே வையுங்கள். அது இறுகுவதை விரலால் உணர்ந்தால் அடுத்த முறை இன்னும் அழுத்தமாகச் செய்வார்.