22 அங்குலம்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு போர்விமான அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். விமானங்கள் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தன. ஒவ்வொன்றின் வேகத்தையும் எடையையும் வழிகாட்டி மனப்பாடமாகச் சொன்னார். கடைசியில் பெயர்ப் பலகை முன் எங்களை நிறுத்தி, "இவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு உயிரைக் கொடுத்தவர்கள்" என்றார். ஒரு நிமிடம் மௌனம். அங்கிருந்து நேராக சிமுலேட்டர் அறை. பிள்ளைகள் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திக் கைதட்டினார்கள். திரும்பி வந்து என்ன கற்றீர்கள் என்று எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் சிமுலேட்டரைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் சிமுலேட்டர் தேவையா? பழைய விமானங்களை இன்னும் பறக்கவிடுவது சரியா? எதிரி நாட்டு விமானத்துக்கும் ஏன் அதே மரியாதை? தியாகம் உணர வேண்டியது, விளக்க முடியாதது என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டும் பிள்ளைகளோடு போகவேண்டும். என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம.,

சில வாரங்களாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. பிள்ளைகள் எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் வருத்தப்பட்டது நல்ல ஆசிரியருக்கு உரிய வருத்தம். ஆனால் "உணர வேண்டியது, விளக்க முடியாதது" என்கிறீர்களே, அதை ஏற்கமாட்டேன். அந்த வழிகாட்டியும் அதைத்தானே செய்தார்? விளக்கவேண்டிய இடத்தில் மௌனத்தைக் கொண்டுவந்து வைத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமே சொல்லாமல் ஒரு நிமிடம் தலைகுனியச் சொன்னால் அது தன் செருப்பைத்தான் பார்க்கும். விளக்கினால்தான் உணரமுடியும். எதை விளக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிரித்த முகத்தோடு உயிரைக் கொடுத்தார்கள் என்பது பச்சைப்பொய். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் பிள்ளைகள் முன்னாலேயே மறுத்துவிடுங்கள். மரியாதைக்குறைவு ஆகிவிடாது.

பறக்கவிடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறக்கவேண்டிய விமானத்தில் தேய்ந்த உறுப்பை மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்ற மாற்ற அசல் உலோகம் குறைந்துகொண்டே போகும். எதிரி விமானம் பற்றிய கேள்விக்கும் ஒரே பதில்தான். 2013ல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டுக் கடலில் இருந்து ஒரு ஜெர்மன் டோர்னியர் விமானத்தைத் தூக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940 ஆகஸ்டில் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரில் இருவர் செத்துப்போனார்கள். உப்பு அரித்த அந்த அலுமினியத்தை நீண்ட காலம் சிட்ரிக் அமிலக் கரைசலால் நனைத்துக் காப்பாற்றினார்கள். இறந்தவனின் விமானம், அவ்வளவுதான்.

பளபளப்புக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் நிற்கும் போர்விமானங்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தவை. திரும்பாதவை கடலடியிலும் வயல்களிலும் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. அதனால் நாம் எதையும் பார்க்கத் தொடங்கும் முன்பே அந்தக் கூடம் ஒரு பொய்க்கணக்கைச் சொல்லிவிடுகிறது. லண்டன் ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஆர்5868 என்ற லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 137 தாக்குதல் பயணங்கள் போய் வந்தது. மூக்கில் ஒரு பயணத்துக்கு ஒன்றாகக் குண்டுப் படங்கள் வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கின்றன. எந்த எதிரி விமானமும் ஜெர்மனிக்கு மேல் பறக்காது என்ற, ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீம்புப் பேச்சும் அதன்கீழே எழுதியிருக்கிறது. பார்ப்பவருக்குப் பெருமை பொங்கும். ஆனால் கட்டப்பட்ட 7,377 லான்காஸ்டர்களில் 3,000க்கும் மேல் தாக்குதலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் பறக்கும் பணியில் இருந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். எதிரி முகத்தையே பார்க்காமல் பயிற்சியிலும் மற்றப் பறத்தல்களிலும் இறந்தவர்கள் மட்டும் 8,000க்கும் மேல்.

அதே அருங்காட்சியகம் சரியாகவும் ஒன்று செய்தது. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரிமேல் இறங்கி, பிறகு பனி உருகி மூழ்கிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்றை 1973ல் வெளியே எடுத்தது. அதைப் புதிதுபோல ஆக்கவில்லை. பெரும்பாலும் கிடைத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். போரைக் கற்பிக்க அந்தத் துருவும் நெளிவும் போதும்.

இனி நான் சொல்லவந்தது. தியாகத்தைக் கற்பிக்க வேண்டுமானால் விமானத்துக்குள் ஏறுகிற படியைக் காட்டாதீர்கள். வெளியே குதிக்கிற வழியைக் காட்டுங்கள். எவ்வளவு அகலம், எத்தனை பேருக்கு, என்ன வரிசை, எது தடுக்கும். இதைச் சொல்லாத அருங்காட்சியகம் எத்தனை பெயர் செதுக்கி வைத்தாலும் பயனில்லை.

லான்காஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏழு பேர். குண்டு குறிபார்ப்பவர் மூக்கில் குப்புறப் படுத்திருப்பார். அவர் படுத்திருக்கும் தரையிலேதான் முன்பக்க அவசரத் திறப்பு. அதைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் அவர் குதிக்கவேண்டும். அவர் பின்னால் எஞ்சினியர், நேவிகேட்டர், வயர்லெஸ்காரர். விமானி கடைசி. அவர் கையை எடுத்தால் விமானம் தலைகுப்புறப் பாயும், அல்லது சுழலும். சுழலத் தொடங்கினால் உள்ளே இருப்பவர்களைச் சுவரோடு அழுத்திவிடும், கையைக்கூடத் தூக்கமுடியாது. அதனால் மற்றவர்கள் போகும்வரை அவர் நேராகப் பிடித்திருக்கவேண்டும். விமானியின் பாராசூட் அவர் இருக்கையிலேயே இருக்கும். மற்றவர்களுடையது சட்டத்தில் மாட்டியிருக்கும். இருட்டில் தேடி எடுத்து மார்பு வாரில் கொக்கி போட்டால்தான் குதிக்கலாம். போட்டபின் உடம்பு மூட்டை சுமந்த மாதிரி தடித்துவிடும். அந்தத் தடிமனோடு நுழையவேண்டிய திறப்பின் அகலம் 22 அங்குலம். ஏறக்குறைய 56 சென்டிமீட்டர்.

வாலில் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரரின் நிலை இன்னும் கொடுமை. அவர் உட்காரும் சுழலும் துப்பாக்கிக் கூண்டுக்குள் பாராசூட்டுக்கு இடமில்லை. அது வெளியே, விமானத்தின் உட்சுவரில் தொங்கும். முதலில் கூண்டை நேர்கோட்டுக்குத் திருப்பவேண்டும். அப்போதுதான் முதுகுப்பக்கக் கதவு விமானத்துக்குள் திறக்கும். கதவைத் திறந்து, பின்னால் கைநீட்டிப் பாராசூட்டை எடுத்து மாட்டி, கூண்டை மறுபடியும் பக்கவாட்டில் திருப்பி, முதுகு வழியாக வெளியே கவிழவேண்டும். அந்தக் கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் அழுத்தம் இடது வெளிப்புற எஞ்சினில் இருந்து வருகிறது. அந்த எஞ்சின் அடிபட்டால் கூண்டு நின்றுவிடும். பிறகு கையால் சுற்றவேண்டும், உறைந்த விரல்களோடு.

நடுவில் இன்னொரு தடை. இறக்கையைத் தாங்கும் உத்தரங்கள் விமானத்தின் உடலுக்குக் குறுக்கே போகின்றன. கனத்த உடையோடு அவற்றின்மேல் ஏறித்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகமுடியும்.

ஹாலிஃபாக்ஸின் திறப்பு 24 அங்குலம். இரண்டே அங்குலம் அதிகம். குண்டுவீச்சுப் படையின் செயல்பாட்டு ஆய்வுப் பிரிவில் அப்போது வேலை பார்த்தவர் ஃப்ரீமன் டைசன், பின்னாளில் பெரிய இயற்பியலாளர் ஆனவர். அவரும் அவருடைய சகாவும் பார்த்த கணக்கு இது. வீழ்ந்த அமெரிக்கப் பகல்நேரக் குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்களில் சுமார் 50 சதவீதம் பிழைத்தார்கள். ஹாலிஃபாக்ஸில் 25. லான்காஸ்டரில் 15. லான்காஸ்டர் ஹாலிஃபாக்ஸைவிட அதிக உயரம் பறக்கும், அதிகக் குண்டு சுமக்கும், வீழ்வதும் குறைவு. ஆனால் வீழ்ந்தால் அதில் பிழைப்பவர்களும் குறைவு. திறப்பைப் பெரிதாக்க அந்தச் சகா அலுவலகம் அலுவலகமாகப் போராடினார். அனுமதி கிடைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. அதற்குள் போரே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு ஆண்டில் திறப்பில் சிக்கிச் செத்தவர்கள் உயிரைக் கொடுத்தார்களா? போகிறோம் என்று கையெழுத்திட்டு ஏறியவரை தியாகம்தான், மறுக்கவில்லை. அவர்கள் எல்லோரும் விரும்பிப் பறக்க வந்தவர்கள். ஆனால் அந்த இரண்டு அங்குலம் அவர்கள் கொடுத்தது இல்லை. அவர்களிடம் இருந்து பறிக்கப்பட்டது. தியாகம் என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடும்போது, கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவர்களையும் சேர்த்து மூடிவிடுகிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இறந்தவர்களை உண்மையாகவே மதிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதவேண்டும்.

ஏன் எழுதுவதில்லை? பயம். 1995ல் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகம் ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானத்தோடு, குண்டு விழுந்த நகரத்தின் பொருட்களையும் வைத்துப் பேச நினைத்தது. முன்னாள் வீரர் அமைப்புகளும் காங்கிரஸும் எதிர்த்தன. ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மே மாதம் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விமானத்தின் முன்பகுதியும் சில உறுப்புகளும் மட்டும் காட்சிக்கு வந்தன. வேகமும் எடையும் சொன்னால் யாரும் வேலையைப் பறிக்கமாட்டார்கள். ஆனாலும் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். லிங்கன் நகரில் உள்ள குண்டுவீச்சுப் படை நினைவு மையத்தில், தரைப்பணியில் இறந்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 58,000 பெயர்கள் இரும்புச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. லான்காஸ்டரின் இறக்கை நீளமான 102 அடிக்கே ஒரு கூர்த்தூண் நிற்கிறது. அங்கேயே குண்டுக்குக் கீழே இருந்தவர்களின் குரலும் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மட்டும் 25,000 பேர்வரை இறந்தார்கள். அதைச் சொன்னதால் அந்த 58,000 பெயர்களில் ஒன்றுகூட மங்கிவிடவில்லை.

பலகை எழுதுவது பெரிய வித்தை இல்லை. "இவ்விமானம் 137 வீரத் தாக்குதல்களை வெற்றிகரமாக முடித்து வரலாறு படைத்தது" என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இப்படி எழுதலாம்: "இது 137 முறை போய்த் திரும்பியது. இதைப்போன்ற 3,000க்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. உள்ளே 7 பேர். முன்பக்கம் இருந்தவர்கள் குதிக்கவேண்டிய வழி, உங்கள் காலடியில் வரைந்திருக்கும் இந்தச் செவ்வகம்." தரையில் வெள்ளை வர்ணத்தில் 22 அங்குல அகலம், 26½ அங்குல நீளம். பிள்ளைகள் தாமாகவே அதன்மேல் போய் நிற்பார்கள்.

கடிதங்களை வைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானின் சிரானில் 1,036 தற்கொலைப்படை விமானிகளின் படங்களும் அவர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. படித்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் படைமுகாமில் இருந்து போகும் கடிதத்தை அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று எழுதியவனுக்குத் தெரியும். இந்த ஒரு வரியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதாவிட்டால் அவன் எழுத்தைப் பாதிதான் படித்திருக்கிறோம்.

நீங்கள் செய்யவேண்டியதற்கு வருகிறேன். போவதற்கு முந்தைய வாரம் பள்ளியிலேயே செய்யுங்கள். ஒரு ப்ளைவுட் பலகையில் மேலே சொன்ன அளவுக்குத் திறப்பு வெட்டி, ஓரங்களை நன்றாகத் தேய்த்து, இரண்டு மேசைகளுக்கு நடுவே செங்குத்தாகக் கட்டுங்கள். அந்தப் பக்கம் மெத்தை போடுங்கள். பிள்ளைகள் சுலபமாக நுழைந்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பு உடம்பு சிறியது. உடனே திறப்பைக் குறுக்கிவிடாதீர்கள், அளவை மாற்றினால் அதுவும் பொய்தான். நீங்களோ உங்கள் சக ஆசிரியரோ கனமான கோட்டும் மார்பில் கட்டிய பையுமாக நுழைந்து காட்டுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும். நேரம் பார்த்துப் போட்டி வைக்காதீர்கள். வைத்தால் விளையாட்டாகிவிடும்.

இரண்டாவது, ஒரு பையில் 96 வெள்ளை மணி, 4 கறுப்பு மணி. ஒரு பயணத்துக்கு 4 சதவீத இழப்பு என்று கணக்கு. பிள்ளைகளை ஏழு ஏழு பேராக நான்கு குழு ஆக்குங்கள். ஒரு குழுவுக்கு ஒரு மணி, 30 சுற்று. ஒரு முறைப்பணி முப்பது பயணம். எடுத்த மணியைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்கவேண்டும். இங்கேதான் பலர் தவறுவார்கள். திரும்பப் போட்டால் முப்பது சுற்றும் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு 29. போடாவிட்டால் 23 ஆகிவிடும். கறுப்பு வந்தால் ஏழு பேரும் சேர்ந்து உட்காரவேண்டும், ஏனென்றால் விமானம் தனித்தனியாக விழாது. நான்கு முறை செய்தால் ஒரு முறை யாருமே மிஞ்சாமலும் போகலாம். அப்படி ஆனால் திரும்பச் செய்யாதீர்கள்.

சிமுலேட்டரை நான் மறந்துவிடவில்லை. இருக்கட்டும். ஆனால் மணிப்பை இதற்கு முன்னால் வரவேண்டும்.

உட்கார்ந்த குழுவை அப்படியே விட்டுவிடாதீர்கள். மைதானத்தில் சாக்பீஸால் 21 மீட்டர் நீளத்துக்கு விமானத்தை வரையுங்கள். உத்தரங்கள் இருக்கும் இடத்தில் குறுக்கே இரண்டு பெஞ்சு. மூக்கில் அந்தச் செவ்வகம். ஏழு பேரையும் அவரவர் இடத்தில் உட்காரவையுங்கள். நூற்றுக்கு 15 என்றால் ஏழில் ஒருவர். யார் அந்த ஒருவர் என்று நீங்கள் சொல்லவேண்டாம். செவ்வகம் எங்கே, பெஞ்சு எங்கே, தாம் எங்கே என்று அவர்களே தலையைத் திருப்பிப் பார்க்கட்டும்.